கேமரன் மலை யார் பக்கம்?

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. அன்று முதல் ஐந்து பொதுத்தேர்தல்கள், ஓர் இடைத்தேர்தல். ஆறிலும் வென்றது தேசிய முன்னணிக் கூட்டணியின் தராசுச் சின்னம்தான். இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் மலை அசையவே இல்லை என்று சொல்லிவிடுவார். உண்மையில், அக்கூட்டணியில் உள்ள மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கேட்டு வாங்கிய தொகுதிகளில் இந்த அளவுக்கு உள்ளுக்குள் புரண்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

தொகுதியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும். இதற்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். மேலே தானா ராத்தா: ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் நிறைந்த பகுதி. கீழே லிப்பிஸ் பக்கமாக ஜெலாய்: மலாய்க்காரர்களின் கிராமங்களும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகளும். மேட்டில் ஒரு காற்று, பள்ளத்தில் ஒரு காற்று. இரண்டையும் கூட்டினால் வரும் எண்தான் நாடாளுமன்ற முடிவு.

மேட்டின் கதை தேயிலையோடு தொடங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காடு வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் பெரும்பாலும் தமிழர்கள். தோட்டத்து வாழ்க்கையில் வீடு, வேலை, கோயில், பள்ளி எல்லாம் ஒரே வேலிக்குள். வாக்கும் அப்படித்தான், தனியாளாக அல்ல, லயமாக, அதாவது வரிசைக் குடியிருப்பு மொத்தமாக, விழுந்தது. 1946இல் பிறந்த ம.இ.கா.வுக்கு நாடு முழுவதும் தோட்டத்துக் கிளைகளே வேர். கிளைத் தலைவரைப் பிடித்தால் லயத்தைப் பிடித்த மாதிரி.

அந்த வேலி பிரிந்தபோது வாக்கும் பிரிந்தது. பிள்ளைகள் படித்துச் சமவெளிக்கு இறங்கினார்கள். மலையிலேயே தங்கியவர்களில் பலர் காய்கறி, பூ, லாரி, விடுதி வேலை என்று மாறினார்கள். கொழுந்து எடுக்க வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு வாக்கு கிடையாது. ஆக, தேயிலைத் தோட்டம் பச்சையாக அப்படியே இருக்கிறது, தோட்டத்து வாக்கு மட்டும் மெலிந்துவிட்டது. 2019 நிலவரப்படி தொகுதியின் வாக்காளர்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடுதான். மலாய்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு, சீனர்கள் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, ஓராங் அஸ்லி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இலங்கை மலையகத்திலும் இதன் சாயல் உண்டு. தொண்டமான் குடும்பத்தின் தொழிலாளர் காங்கிரஸ் தலைமுறைகளாக வலுவாக இருந்த நுவரெலியா மாவட்டத்தில், 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் முதலிடம் பிடித்தது தேசிய மக்கள் சக்தி. தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றாக இருந்த காலம் அங்கே தேய்கிறது.

மலேசியாவுக்கு வருவோம். 2007 நவம்பர் 25இல் இந்தியர்களின் உரிமைகளுக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணி. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் மிஞ்சியவை மூன்றே. கட்சித் தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். தப்பிய மூன்றில் கேமரன் மலையும் ஒன்று, வென்றவர் எஸ். கே. தேவமணி. ஆனால் 2013இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவர் ஜி. பழனிவேல் இங்கே நின்றும் கிடைத்த பெரும்பான்மை 462. அதே தேர்தலில் தானா ராத்தா சட்டமன்றத் தொகுதி தேசிய முன்னணியின் கெராக்கான் கட்சி கையைவிட்டு எதிரணியின் ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) போனது. 2018, 2022 தேர்தல்களிலும் அக்கட்சியே அதைத் தக்கவைத்தது. அதாவது மேடு 2013இலேயே மாறிவிட்டது. பள்ளம்தான் தராசைத் தாங்கிப் பிடித்தது.

மேட்டின் மனக்குறைகளில் நிலம் முக்கியமானது. காய்கறி போடுபவர்கள் பலருக்கு நிலம் சொந்தமில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய டி.ஓ.எல். எனும் தற்காலிக நில உரிமம்தான் நெடுங்காலம் இருந்தது. நிலம் மாநில அரசின் அதிகாரம். எனவே கோலாலம்பூரில் யார் ஆண்டாலும் விவசாயியின் கண் பகாங் மந்திரி பெசார், அதாவது மாநில முதலமைச்சர், மீதுதான். 2018 முதல் அந்தப் பதவியில் இருக்கும் வான் ரோஸ்டி, இதே தொகுதியின் ஜெலாய் சட்டமன்ற உறுப்பினர்!

2018இல் ம.இ.கா.வின் சி. சிவராஜ், ஜ.செ.க.வின் மனோகரனை வென்றது 597 வாக்கு வித்தியாசத்தில். அன்று மலேசிய சோசலிசக் கட்சி வாங்கியது 680. அவை அத்தனையும் மனோகரனுக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் எவ்வளவு மெல்லிய கோடு என்று பாருங்கள். அந்தக் கோடும் நிலைக்கவில்லை. ஓராங் அஸ்லி வாக்காளர்களைக் கவரப் பணம் கொடுக்கப்பட்டதாகத் தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30இல் தீர்ப்பளித்து வெற்றியை ரத்து செய்தது.

2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. ஒதுங்கிக்கொண்டது. தேசிய முன்னணி நிறுத்திய ரம்லி முகமட் நோர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, ஓராங் அஸ்லி. 3,238 வாக்குப் பெரும்பான்மையில் வென்று மக்களவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார். 597 எங்கே, 3,238 எங்கே என்று அன்று பலரும் வியந்தார்கள். கணக்கைப் பிரித்தால் வியப்பு குறையும். 2018இல் தனியே நின்று 3,587 வாக்கு வாங்கிய பாஸ் கட்சி, இம்முறை போட்டியிடாமல் தேசிய முன்னணியை ஆதரித்தது. மனோகரன் முன்பைவிட இழந்ததோ ஆயிரம் வாக்குகளுக்கும் கீழே. மக்கள் கூட்டமாக மனம் மாறியதைவிட, யார் யாரோடு சேர்ந்து நின்றார்கள் என்பதே பெரும்பான்மையை ஊதிப் பெருக்கியது. வேட்பாளர் ஓராங் அஸ்லி என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் அது மட்டுமே காரணம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

2022இல் 18 வயது வாக்குரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் நடைமுறைக்கு வந்த முதல் பொதுத்தேர்தலிலும் ரம்லியே வென்றார். பிறகு மக்களவைத் துணை சபாநாயகரானார். ம.இ.கா.வுக்கு நாடு முழுவதும் மிஞ்சிய ஒரே நாடாளுமன்ற இடம் தாப்பா, இந்த மலைக்கு ஏறும் பழைய சாலையின் அடிவாரம்.

அதே தேர்தலுக்குப் பின் தேசிய முன்னணியும் ஜ.செ.க. இடம்பெற்ற நம்பிக்கைக் கூட்டணியும் புத்ராஜெயாவின் மத்திய அரசிலும் பகாங்கிலும் ஒரே அரசில் உட்கார்ந்தன. ஒன்பது ஆண்டுகளாகத் தானா ராத்தாவும் ஜெலாயும் எதிரெதிரே இழுத்த கயிற்றின் இரு முனைகளும் இப்போது ஒரே கையில். இந்த உறவு நீடித்தால் அடுத்த பொதுத்தேர்தலில் கேமரன் மலை யாருக்கு ஒதுக்கப்படும் என்பது கட்சிகளின் பேரம். ஒதுக்கியவருக்கே மேட்டு வாக்கு விழும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், ம.இ.கா. அப்படி எண்ணித்தான் 462க்கு வந்து சேர்ந்தது.