துகளும் நீரும் வளியும்

எரிபொருளோடு கலந்து வரும் வேற்றுப் பொருள்களைத் தடுத்து, தூய எரிபொருளை மட்டும் பொறிக்குள் செல்லவிடும் உறுப்பே எரிபொருள் வடிகட்டி. அவ்வேற்றுப் பொருள்கள் மூன்று: திண்மமாகிய துகள், நீர்மமாகிய நீர், வளிமமாகிய காற்று. முன்னிரண்டையும் வடிகட்டி தடுக்கிறது. மூன்றாவதோ, வடிகட்டியை மாற்றுகையில் திறக்கும் வாயின் வழியாகவே உள்ளே புகுகிறது. பழைய டீசல் ஊர்திகளில் இவ்வேலையைச் செய்வோர் இடர்ப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

1897 இல் உருடோல்ஃப் டீசல் செருமனியின் ஒக்சுபர்க்கு நகரில் இயக்கிக் காட்டிய பொறிக்குத் தீப்பொறி வேண்டியிருக்கவில்லை. இறுக அமுக்கப்பட்டுச் சூடேறிய காற்றினுள் எரிபொருளை நுண்திவலையாகத் தெளித்தாலே அது தீப்பற்றும். பின்னாளில் அத்தெளிப்பை ஏற்ற பீய்ச்செக்கி, நம்மைச் சூழ்ந்த காற்றின் அமுக்கத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அமுக்கத்தை உண்டாக்குகிறது. அவ்வமுக்கம் கசிந்து போகாதிருக்க, எக்கியின் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே 2 முதல் 4 மைக்ரோமீற்றர் வரையான இடைவெளியே விடப்படுகிறது. தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். அவ்விடுக்கில் வழுக்குநெய்யாக அமைவதும் டீசலே. ஆகவே, இடைவெளியை ஒத்த பருமனுள்ள துகளே மிகுந்த கேடு விளைக்கிறது. அதனினும் பெரியது உள்ளே நுழையாது. மிகச் சிறியது உரசாது கடந்துவிடும்.

இத்துகளைப் பிடிக்கும் வடிதாள் வெறும் சல்லடையன்று. இழைகளுக்கிடையே எரிபொருள் வளைந்து வளைந்து செல்ல, துளையினும் சிறிய துகள்கள் அவ்வளைவுகளில் திரும்பமாட்டாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. தாளை மடிப்பு மடிப்பாக அமைத்ததால் கைப்பிடியளவு கலத்துக்குள் பெரும்பரப்பு அடங்குகிறது. டீசலைவிட அடர்த்தி மிக்க நீர், கீழுள்ள தெளிகிண்ணத்தில் தங்குகிறது.

இலங்கையின் வடக்கே, இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளையும் வன்னி மண்ணில் துகளும் நீரும் ஆகிய இரு பகையும் ஒருங்கே உண்டு. கோடையில் கிரவல் சாலைகளின் செம்புழுதி தாங்கியின் மூச்சுத்துளை வழியே இறங்குகிறது. மாரியில், அரைகுறையாக நிரம்பிய தாங்கியினுள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. அந்நீரும் டீசலும் தொடும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழும்பைப் பரப்புகின்றன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் தாங்கிகள் அடிவரை வற்றியபோது, ஆண்டுக்கணக்காய்ப் படிந்த மண்டி வடிகட்டியை நோக்கி எழுந்தது இயல்பே. அதற்கும் முன், தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளியல் தடையின்போது, சில துளிப் பெற்றோலால் பொறியைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஊர்தியோட்டியவர்கள் இம்மண்ணின் மக்கள். அத்திறனைப் பொறியியல் அறிவென்றே நான் மதிக்கிறேன். ஏட்டில் ஏறாமை அதற்கு இழுக்கன்று. அதை ஏட்டில் ஏற்றத் தமிழுக்கு ஆற்றலும் உண்டு: 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அறிவியல் நகர் என்றே பெயர் கொண்ட ஊரில் பொறியியல் பீடம் இயங்கும் கிளிநொச்சியில், ஒரு வடிகட்டியின் இயல்பை விளக்கத் தமிழ் போதாதென்று எவரும் சொல்லலாகாது.

இனி மாற்றும் முறை. பொறி ஆறிய பின், தீ அண்டாத இடத்தில், முதலில் வடிகட்டியின் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். துடையாமற் கழற்றினால் வெளிப்புழுதி உள்ளே விழும். தெளிகிண்ணத்து நீரை வடித்து, பழையதைக் கழற்றி, அதன் இறப்பர் வளையம் இருக்கையில் ஒட்டி நிற்கவில்லை என்பதைப் பார்த்து, புதிய வளையத்தில் டீசல் தடவிப் பொருத்த வேண்டும். கலனிலிருந்து டீசலை ஊற்றிப் புதிய வடிகட்டியை நிரப்பும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. விரைவில் முடிவதாயினும் அதை நான் ஒப்பமாட்டேன். நடுத்துளையில் ஊற்றும் டீசல் வடிதாளைக் கடவாமலே பீய்ச்செக்கியை அடைகிறது. தடுக்க வந்த உறுப்பின் வழியாகவே மாசை உள்ளே அனுப்புவதாகிறது அது.

நிரப்பாது பொருத்தினால் உள்ளே காற்று நிற்கும். டீசல் அமுக்கத்துக்கு எளிதிற் சுருங்காது, காற்றோ சுருங்கும். எக்கியின் தள்ளல் முழுவதையும் காற்றுக் குமிழியே ஏற்றுச் சுருங்கிவிட, எரிபொருளைத் தெளிக்கும் பீய்ச்சுமுனை திறவாது. 'எயர் பிடிச்சிட்டுது' என்று ஓட்டுநர் சொல்வது இதையே. ஆகையால் வளிபோக்குந் திருகைத் தளர்த்தி, கையால் எக்க வேண்டும். பழைய மாசி பெர்குசன் உழவுப்பொறியில், தாங்கியிலிருந்து எரிபொருளை இழுக்கும் ஊட்டெக்கியின் பக்கத்தில் அதற்கொரு சிறு நெம்பு உண்டு. பழைய ரொயோட்டா ஹைலக்ஸில் வடிகட்டித் தலையின் மேலேயே அழுத்துகுமிழ் உண்டு. நுரை நின்று, டீசல் குமிழியின்றி ஒழுகத் தொடங்கிய பின்னரே திருகை இறுக்க வேண்டும். அதன் பின்னும் பொறி இயங்காவிடின், பீய்ச்சுமுனைக் குழாய்களின் இணைப்பைச் சற்றே தளர்த்திப் பொறியைச் சுழற்றி, அங்குள்ள காற்றையும் போக்கலாம்.

கழற்றிய வடிகட்டியை எறியுமுன் அறுத்து, வடிதாளை விரித்துப் பார்ப்பது நன்று. செம்மண் படிந்திருந்தால் தாங்கியின் மூடியையும் டீசல் ஊற்றும் கலனையும் பார்க்க வேண்டும். துருவாயின் தாங்கியே உள்ளே அரிக்கிறது. கரிய வழும்பு கண்டால் தாங்கியை இறக்கிக் கழுவாமல் அடுத்த வடிகட்டியை வாங்குவது வீண். சில கிழமைகளில் அதுவும் அடைத்துவிடும்.