குதிரையின் குளிர்காலப் போர்வை



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அதில் ஒரு குதிரையின் படம் இருந்தது. அதன் நான்கு கால்களிலும் அடர்ந்த உரோமம். முதுகில் சேணம் வைக்கும் இடத்திலும் அதே உரோமம். ஏனைய உடல் முழுவதும் ஒட்டக் கத்தரித்தாற்போல வழுவழுவென்று இருந்தது. “ஐயா, இந்தக் குதிரைக்கு என்ன நோய்?” என்று அவன் கேட்டான். நானும் சிறிதும் தயங்காமல், “தோல் நோயாக இருக்கும், அதனால் உரோமம் உதிர்ந்திருக்கிறது” என்று விடை கூறிவிட்டேன். அவனும் நம்பிச் சென்றுவிட்டான்.

அவ்விடை தவறானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, குதிரை வளர்ப்பைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்தபோதுதான் அறிந்தேன். அந்தக் குதிரைக்கு நோய் எதுவும் இல்லை. நோய் வாராதிருக்கும் பொருட்டே அதனை அவ்வாறு கத்தரித்திருந்தனர். அன்று அவனுக்கு நான் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், குளிர்நாட்டுக் குதிரைக்கு இயற்கை அளித்துள்ள போர்வையைக் காண்போம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் குதிரையின் உடலில் ஆண்டுக்கு இருமுறை உரோமம் மாறுகிறது. கோடையில் குட்டையான, மினுமினுப்பான உரோமம்; குளிர்காலத்தில் நீண்டு அடர்ந்த உரோமம். ஒவ்வோர் உரோமத்தின் அடியிலும் மிகச் சிறிய தசை ஒன்று இருக்கிறது. குளிர் மிகும்போது அத்தசை சுருங்க, உரோமம் குத்திட்டு நிற்கிறது. அவ்வாறு நிற்கும் உரோமங்களுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே, உடலின் சூடு வெளியேறாமல் அந்தக் காற்றுப் படலம் தடுத்து நிற்கிறது. நாம் போர்த்திக்கொள்ளும் கம்பளியும் இவ்விதமாகவே நம்மைக் காக்கிறது. மேலும், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை உரோமத்தில் படிந்திருப்பதால், சிறு மழை பெய்தால் நீர் மேலாக வழிந்து ஓடிவிடும், தோல் நனையாது.

இப்போர்வையின் ஆற்றல் வியக்கத்தக்கது. குளிருக்குப் பழகியதும், வயிறார உண்பதும், உடல் நனையாததுமான வளர்ந்த குதிரை ஒன்று, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை செல்சியசு வரையிலான குளிரைப் பெரிய தொல்லையின்றித் தாங்கும் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். சைபீரியாவின் யாக்கூத்தியப் பகுதியில் வாழும் குதிரைகளோ, உறைநிலைக்குக் கீழே 50 பாகைக்கும் இறங்குகிற கடுங்குளிரில், திறந்த வெளியில், பனியைக் குளம்பால் விலக்கிப் புல்லைத் தின்று உயிர் வாழ்கின்றன. அவற்றின் குளிர்கால உரோமம் 8 சென்டிமீட்டர் வரை வளர்வதுண்டு.

இங்கு ஒரு வினா எழுகின்றது. குளிர்காலம் வரப்போகிறது என்பதைக் குதிரைக்கு அறிவிப்பது யார்? குளிர் வந்த பின்னர் உரோமம் முளைக்கத் தொடங்கினால், அது வளர்ந்து முடிவதற்குள் விலங்கு துன்புற்றுவிடுமன்றோ? ஆகவே முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்பைத் தருவது குளிரன்று, ஒளியே. சூன் மாதம் 21-ஆம் நாள் வாக்கில் இலண்டனில் பகற்பொழுது ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். திசம்பர் 21-ஆம் நாள் வாக்கில் அது 8 மணிக்கும் சற்றுக் குறைவு. இந்த மாறுதலைக் குதிரையின் கண் உணர்கிறது. மூளையினுள் இருக்கும் பினியல் என்னும் சிறு சுரப்பிக்கு அச்செய்தி எட்டுகிறது. அச்சுரப்பி இரவில் மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரப்பது. இரவு நீள நீள, அது சுரக்கும் காலமும் நீள்கிறது. அதன் விளைவாகப் புரோலாக்டின் என்னும் மற்றொரு சுரப்பு குறைகிறது. குளிர்கால உரோமம் முளைக்கத் தொடங்குகிறது. திசம்பர் கடைசியில் பகல் மீண்டும் வளரத் தொடங்கியதும் இந்நிகழ்ச்சிகள் தலைகீழாக நடைபெறுகின்றன. நிலத்தில் பனி கிடக்கும்போதே குதிரையின் தோலினடியில் கோடை உரோமத்திற்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. பிப்பிரவரி, மார்ச்சு மாதங்களில் பழைய உரோமம் கற்றைகற்றையாக உதிர்வதைக் காணலாம்.

இதற்குச் சான்று வேண்டுமா? உயர்சாதிப் பந்தயக் குதிரைகளை வளர்ப்போர், பெண் குதிரைகள் முன்னதாகவே கருவுறுதற்பொருட்டு, திசம்பர் மாதம் முதலே இலாயத்தில் விளக்கேற்றி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி இருக்கும்படி செய்வர். அக்குதிரைகள் மற்றவற்றுக்கு முந்தியே குளிர்கால உரோமத்தை உதிர்த்துவிடுகின்றன. வெளியே குளிர் குறையவில்லை. ஒளி மட்டுமே கூடியிருக்கிறது. குளிரும் தீனியும் உரோமத்தின் அளவைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆயினும் காலத்தைக் குறிக்கும் கடிகாரம் ஒளிதான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. நம் சமவெளிக் குதிரைகளிடம் இத்தகைய பெரும் மாற்றத்தை நாம் காணாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்க. இவ்வளவு நல்ல போர்வையைக் கத்தரிப்பானேன்?

சும்மா மேய்ந்து திரியும் குதிரைக்குக் கத்தரிக்க வேண்டிய தேவையே இல்லை. கடுமையாக உழைக்கும் குதிரைக்கே அத்தேவை ஏற்படுகிறது. தசைகள் வேலை செய்யும்போது, செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தைக் குதிரை வியர்வையால் போக்கிக்கொள்கிறது. நாய் மூச்சிரைத்து உடலைக் குளிரச் செய்யும். குதிரையோ மனிதரைப் போல உடலெங்கும் வியர்க்கும் விலங்கு. அதன் வியர்வையில் லேத்தரின் என்னும் புரதம் ஒன்று உண்டு. அது சவர்க்காரத்தைப் போல நுரைத்து, எண்ணெய்ப் பசையுள்ள உரோமத்தின் வழியே நீர் பரவ உதவுகிறது. ஓடி வந்த குதிரையின் கழுத்தில் வெண்ணுரை படிந்திருப்பது இதனாலேயே.

குட்டை உரோமத்தில் வியர்வை விரைவில் ஆவியாகி உடல் குளிர்கிறது. நீண்ட உரோமத்திலோ வியர்வை தங்கிவிடுகிறது. ஓடும்போது குதிரை மிகையாகச் சூடேறிச் சோர்கிறது. ஓட்டம் நின்ற பின்னர், ஈரம் மணிக்கணக்காக உலராமல் உடலை ஒட்டிக்கிடக்கிறது. நனைந்த உரோமத்தில் காற்றுப் படலம் இல்லை. ஆகவே காப்பும் இல்லை. குளிர்ந்த மாலைக் காற்றில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் மனிதனின் நிலைதான் அக்குதிரையின் நிலை. உடல் நலிவதற்கும் எடை குறைவதற்கும் இதுவே வழியாகிவிடும்.

இதனால்தான் கத்தரிக்கும் வழக்கம் தோன்றியது. முற்காலத்தில் கத்தரிக்கோலால் வெட்டியும், உரோமத்தின் நுனியை விளக்குச் சுடரால் கருக்கியும் வந்தனர். பின்னர்க் கைப்பொறியும், அதன் பின் மின்பொறியும் வந்தன. எங்கெங்கே வெட்டுவது என்பதிலும் முறை உண்டு. குதிரை மிகுதியாக வியர்க்கும் இடங்கள் கழுத்தின் அடிப்புறமும், மார்பும், வயிறும், விலாவும் ஆகும். மிதமாக உழைப்பதற்கு அவ்விடங்களை மட்டும் கத்தரித்தால் போதும். வண்டிக் குதிரையைப் பூட்டும் இழுவார் உடலின் பக்கவாட்டில் செல்லும் உயரம் வரை கீழ்ப்புறத்தைக் கத்தரிப்பது ஒரு முறை. அந்த வாரின் பெயரே அம்முறைக்கும் வழங்குகிறது. முதுகின்மேல் போர்வை விரித்தாற்போன்ற பகுதியை விட்டு ஏனையவற்றை நீக்குவது மற்றொரு முறை. கால்களிலும் சேணத்தின் அடியிலும் மட்டும் உரோமத்தை விட்டு மற்ற அனைத்தையும் நீக்குவது மூன்றாவது முறை. கால் உரோமம் முள்ளினின்றும் சேற்றினின்றும் காக்கும். முதுகு உரோமம் சேணம் உராயாமல் தடுக்கும். இதற்கு வேட்டைக் குதிரைக் கத்தரிப்பு என்று பெயர். நாய்களை ஏவி நரி முதலியவற்றை வேட்டையாடும் வழக்கத்தை இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆயினும் கத்தரிப்பின் பெயர் மாறவில்லை. என் மாணவன் காட்டிய படம் இந்த மூன்றாவது முறையே என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

இனி, கத்தரிக்கும் காலம். குளிர்கால உரோமம் நன்கு வளர்ந்து நிலைபெற்ற பின்னரே முதன்முறை வெட்ட வேண்டும். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் அக்டோபர் மாதமாகும். அதற்கு முன் வெட்டினால் உரோமம் விரைந்து வளர்ந்து, செய்த வேலை வீணாகும். பிறகு, தேவைப்பட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டலாம். சனவரி முடிவோடு நிறுத்திவிட வேண்டும் என்பது வழிவழி வந்த விதி. அதற்கான காரணத்தை நீங்களே கூறிவிடலாம். பகல் வளரத் தொடங்கிவிட்டது. கோடை உரோமம் முளைத்து வருகிறது. அந்நேரம் வெட்டினால் புது உரோமத்தின் நுனியும் வெட்டுப்பட்டு, கோடையில் குதிரையின் மேனி பொலிவிழந்து காணப்படும். மெலட்டோனினைப் பற்றி ஏதும் அறியாத அக்காலக் குதிரைக்காரர், அனுபவம் ஒன்றையே கொண்டு இவ்விதியைக் கண்டறிந்தனர் என்பது போற்றத்தக்கது.

கத்தரிப்பவன் ஒரு கடனையும் மேற்கொள்கிறான். இயற்கை தந்த போர்வையை எடுத்தவன் அதற்கு ஈடாகக் கம்பளிப் போர்வை அளிக்க வேண்டும். காற்றும் மழையும் தாக்காத இடம் அளிக்க வேண்டும். உலர்புல்லைத் தாராளமாக அளிக்க வேண்டும். குதிரையின் பெருங்குடலில் நார்ப்பொருள் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. உலர்புல்லே அதன் உள்ளிருக்கும் அடுப்பு எனலாம். இக்கடனைச் செலுத்தாவிடில் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது பிரான்சுப் போர்முனையில் ஆங்கிலேயப் படையின் குதிரைகளிடையே சொறிநோய் பரவியது. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணி அந்நோயைப் பரப்புவது. உரோமம் நீங்கினால் நோயைக் காண்பதும் மருந்து பூசுவதும் எளிது என்று கருதி, குளிர்காலத்தில் குதிரைகளைக் கத்தரித்தனர். கருத்து தவறன்று, ஆனால் போர்முனையில் போதிய இலாயமும் இல்லை, தீனியும் குறைவு. 1917-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் ஆராசு என்னுமிடத்தில் பெரும்போர் தொடங்கியபோது பனி பெய்தது. உழைத்து மெலிந்து, பசித்து, போர்வையும் இழந்து நின்ற குதிரைகள் சேற்றிலும் பனியிலும் பெருந்தொகையாக மடிந்தன. பீரங்கிக் குண்டுக்குத் தப்பியவை குளிருக்குத் தப்பவில்லை. அவற்றுக்குப் பேச வாய் இல்லை. அவற்றின் பொருட்டு முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டியவர் மனிதரே.

மற்றும் இரண்டு செய்திகளைக் கூறி முடிக்கின்றேன். குதிரையின் மூக்கையும் வாயையும் கண்ணையும் சுற்றி நீண்டு நிற்கும் மீசை மயிர்கள் அழகுக்காகவோ குளிருக்காகவோ அமைந்தவை அல்ல. அவை தொடுவுணர்வுக்கான உறுப்புகள். தன் மூக்கின் அருகே உள்ளதைக் குதிரை நேரே காண இயலாமையால், அவற்றைக் கொண்டே உணர்கிறது. காட்சிக்காக அவற்றை மழிப்பது நெடுங்கால வழக்கம். 2021-ஆம் ஆண்டு சூலை முதல், அவ்வாறு மழிக்கப்பட்ட குதிரை பன்னாட்டுக் குதிரையேற்றப் போட்டிகளில் கலந்துகொள்ளலாகாது என்று விதி செய்துள்ளனர். இரண்டாவது, முதிய குதிரைகளில் சிலவற்றுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாற்றால், வேனிற்காலம் வந்தும் உரோமம் உதிராமல் சுருண்டு நீண்டு தங்கிவிடும். அவற்றைக் கோடையிலும் கத்தரிப்பதே இரக்கம். ஆகவே, காலத்தைப் பற்றிய விதியும் விலங்கின் நிலையறிந்தே கைக்கொள்ளத்தக்கது.

அன்பார்ந்த மாணவர்களே, அன்று என் மாணவன் காட்டிய படத்தில், உரோமம் நின்ற இடத்திற்கும் நீங்கிய இடத்திற்கும் இடையே எல்லைக்கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. நோய் நேர்கோட்டில் பரவுமா? சற்று உற்று நோக்கியிருந்தால், இது மனிதன் கைவேலை என்று நான் அப்பொழுதே அறிந்திருப்பேன். உற்று நோக்காமல் விடை கூறினேன், பிழைபட்டேன். “தெரியவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்று கூறியிருந்தால் எனக்கு இழுக்கு ஒன்றும் நேர்ந்திராது. உங்கள் ஆசிரியர் அவ்வாறு கூறுவாராயின், அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். அந்த மாணவன் இன்று எங்கிருக்கின்றானோ அறியேன். வானொலிப் பெட்டியின் அருகே அவனும் அமர்ந்திருப்பானாயின், காலந்தாழ்ந்த இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.