ராவைக்கு என்ன?

மஃரிப் தொழுது பாயை மடித்து வைத்ததும் எங்கள் ஊர் வீடுகளில் ஒரு கேள்வி எழும். “உம்மா, ராவைக்கு என்ன?”

பகலைக்கு இப்படி யாரும் கேட்பதில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் பகல் என்றால் சோறுதான். இரவு அப்படியல்ல. பிட்டு, இடியப்பம், ரொட்டி, பாண், மிஞ்சிய சோறு என்று வீட்டுக்கு வீடு விடை மாறும். உம்மாவுக்குக் கைவலி வந்த பிறகு எங்கள் வீட்டு ராச்சாப்பாடு என் பொறுப்பானது. இந்த விடைகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

கணக்கின் முதற் பகுதி ஆணம். காலையில் வாங்கும் மீன் பகலைக்கு ஆணமாகிறது. அதில் கொஞ்சத்தைச் சட்டியில் ஒதுக்கி வைத்து மாலையில் சுட வைத்தால், புளியும் உறைப்பும் மீனில் ஊறி ருசி கூடியிருக்கும். ஆகவே இரவில் அந்த ஆணத்துக்குத் துணையாக ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். மார்கழி, தை மாதங்களில் கடல் கொந்தளித்து மீன் குறையும்போது பருப்பும் முட்டையும் கருவாடும் தேங்காய்ச் சம்பலும் அந்த இடத்துக்கு வரும்.

இரண்டாவது பகுதி மா. நான் முதன்முதல் அவித்த பிட்டு குழலுக்குள் களியாகிவிட்டது. கோதுமை மாவைப் பச்சையாகவே குழைத்ததுதான் பிழை. கோதுமை மாவில் உள்ள ஒருவகைப் புரதம் தண்ணீர் பட்டதும் பசைபோல இழுபடும். ரொட்டி தட்டுவதற்கு அந்த இழுவை வேண்டும். பிட்டுக்கு அது ஆகாது. அதனால்தான் மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, ஆறியபின் அரித்து எடுக்கிறார்கள். சூடு பட்ட புரதம் அந்த இழுவையை இழந்துவிடும். அரிசி மாவில் இந்தப் பசை இல்லை. அதை வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொத்தினால் மணிமணியாக வரும். ஆனால் இடியப்பத்துக்கு மா ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும்; அதற்காகத்தான் கொதித்த தண்ணீர் ஊற்றிக் குழைக்கிறோம். அந்தச் சூட்டில் மாச்சத்து இளகி ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் நாம் படிக்கும் புரதமும் மாப்பொருளும் அடுப்படியில் இப்படித்தான் வேலை செய்கின்றன.

மூன்றாவது பகுதி சற்று விசித்திரமானது. எமது ஊர்களின் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் அம்பாறை நெல்லுக்குப் பேர்போன மாவட்டமாயிற்று. அப்படியிருந்தும் இரவில் நாம் பெரும்பாலும் உண்பது இலங்கையில் விளையாத கோதுமையை. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து திருகோணமலை ஆலையில் மாவாகிறது. பிரிமா நிறுவனத்தின் அந்த ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. உம்மும்மாவிடம் காரணம் கேட்டேன். “அரிசியை ஊறப்போட்டு, இடிச்சி, அரிச்சி, வறுக்கணும் மகள். கோதும்ப மாவெண்டா கடையில வாங்கி வந்தா முடிஞ்சி” என்றார். உலக்கை பிடித்த கைகளுக்கு அந்த மா ஓய்வு தந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தூரத்திலிருந்து வருவது ஒருநாள் வராமலும் போகலாம். 2022 இல் நாம் எல்லோரும் அதைக் கண்டோம். டொலர் இல்லை, மா விலை ஏறியது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் வயல்களிலும் விளைச்சல் விழுந்திருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து உம்மா விறகடுப்பு மூட்டினார். பல இரவுகள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச் சம்பலும்தான்.

அப்போது நான் எட்டாம் தரம். ஒருநாள் காலை வகுப்பில் தோழி ஒருத்தி, “ராத்திரி என்ன சாப்பாடு?” என்று கேட்டாள். கிழங்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, “இடியப்பமும் கோழி ஆணமும்” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் கொப்பியைத் திறந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டில் ராச்சாப்பாடு வெறும் பிளேன்டீ என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். நான் சொன்ன பொய் என் வெட்கத்தை மறைத்தது. அவள் பசியின் மேல் இன்னும் ஒரு பாரத்தை வைத்தது. அந்தக் காலையை இன்றும் மறக்க முடியவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. இஷாவுக்குப் பிறகு பிரதான வீதியில் நடந்தால் கொத்துப் போடும் சத்தம் கடைக்குக் கடை கேட்கும். ரொட்டியைத் துண்டாக்கி, முட்டை, மரக்கறி, இறைச்சி சேர்த்து, சூட்டுத் தகட்டில் இரண்டு தகடுகளால் கொத்தும் அந்தத் தாளம் யாருக்குத்தான் பசியைக் கிளப்பாது? வேலைக்குப் போய் வரும் உம்மாமாருக்கும் டியூஷன் முடிந்து வரும் எமக்கும் அது கை கொடுக்கிறது. ஆனால் அதில் எண்ணெயும் மாவும் அதிகம், கீரையோ குறைவு. என்றாவது ஒருநாள் என்றால் சரி.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிந்தபோது, மாச் சாப்பாட்டைக் குறைக்கும்படி டொக்டர் சொன்னார். சிவப்புப் பச்சை அரிசி மாவுக்கு மாறினோம். தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து உண்டு. அது மெதுவாகச் சமிக்கும். ஆனாலும் அதுவும் மாப்பொருள்தான் என்பதால் அளவும் குறைய வேண்டும். பிட்டுப் பாதியாகி, கீரைச் சுண்டலும் பயறும் கூடின. வாப்பா முதல் வாரம் முகம் சுளித்தார். இப்போது, “நேத்தைக்கு விட இண்டைக்கு நல்லாரிக்கி” என்கிறார். இடிப்பது ஆலையில், வறுப்பது மட்டும் நான். சனிக்கிழமை வறுத்து வைத்தால் ஒரு வாரத்துக்குக் காணும். பாடம் படிக்கவும் நேரம் மிஞ்சுகிறது.

தோழிகளிடம் “ராத்திரி என்ன சாப்பாடு?” என்று நான் இப்போது கேட்பதில்லை. “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்கிறேன். இல்லை என்று ஒருத்தி சொன்னால், என் பெட்டியில் இருக்கும் பிட்டு இருவருக்கும் போதும்.