கருக்கலில் கடல் பார்க்கும் கண்ணாடி

பல நூறு கோடி ரூபாய் பெறும் சரக்குக் கப்பல். அதன் பிரிட்ஜில், சுக்கானுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பைனாகுலரை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 7×50 என்றுதான் போட்டிருக்கும். ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். பொருட்காட்சிக் கடைகளில் '30×60' என்று அச்சடித்த பைனாகுலரே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, கப்பல்காரர்களுக்கு ஏழு எப்படிப் போதும்?

இந்தக் கேள்விக்குப் பட்டப்பகலில் பதில் கிடைக்காது. பொழுது விடியும் முன் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று துறைமுகங்கள். வெளியே நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள். அவற்றுக்கு நடுவே காசிமேட்டு விசைப்படகுகளும், திருவொற்றியூர், எர்ணாவூர்க் கரைகளிலிருந்து இறங்கும் ஃபைபர் படகுகளும். பெரிய கப்பலின் பாய்மர விளக்கு ஆறு கடல்மைல் தூரத்துக்காவது தெரிய வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ஏழு மீட்டருக்குக் குறைந்த, மணிக்கு ஏழு கடல்மைலுக்கு மேல் வேகம் போகாத படகுக்கு நாலாபக்கமும் தெரிகிற ஒரே ஒரு வெள்ளை விளக்கு போதும். துடுப்புப் படகாக இருந்தால், கையில் ஒரு டார்ச் தயாராக இருந்தாலே விதி நிறைவேறிவிடும்.

அந்த டார்ச் வெளிச்சத்தைத்தான் கப்பல்காரர் கண்டுபிடிக்க வேண்டும். ரேடார் இருக்கிறதே என்றால், அலை உயர்ந்த கடலில் தாழ்வான ஃபைபர் படகை ரேடார் கோட்டை விடலாம். விதிகளும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்கச் சொல்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் எண்ணூருக்கு வெளியே மோதிக்கொண்டதும் விடியற்காலை இருட்டில்தான். அந்த விபத்துக்குப் பைனாகுலரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு நெருக்கமான கடல் இது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். 7 என்பது பெரிதாக்கும் அளவு. 50 என்பது முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வருகிறது. பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி, வானத்தை நோக்கிப் பிடித்தால் கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும் அல்லவா? அதன் விட்டம்தான் அந்த 7 மி.மீ. முன்லென்ஸ் வாங்கிய வெளிச்சமெல்லாம் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நல்ல இருட்டில் இளம் வயதுக்காரரின் கண்மணி விரிவதும் ஏறத்தாழ 7 மி.மீ.தான். கருவியின் வாசலும் கண்ணின் வாசலும் ஒரே அளவு. 7×50 கடலில் நிலைத்ததற்கு இந்தப் பொருத்தமே முதல் காரணம்.

அந்த 30×60ஐயும் வகுத்துப் பாருங்கள். 2 மி.மீ. வரும். பகல் வெயிலில் கண்மணியே சுருங்கி இரண்டு, மூன்று மி.மீ.யில் நிற்பதால் குறை தெரியாது. இருட்டியதும் கண் ஏழு மி.மீ. விரிந்து காத்திருக்க, கருவி இரண்டு மி.மீ. வெளிச்சத்தை மட்டும் அனுப்பும். பரப்பளவில் கணக்கிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஆக, 7×50 காட்சியைப் பிரகாசமாக்குகிறது என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. பலரும் நம்ப மறுக்கும் உண்மை ஒன்று உண்டு: எந்தச் சாதாரண பைனாகுலரும், எந்தத் தொலைநோக்கியும், ஒரு பரப்பை வெறுங்கண்ணில் தெரிவதைவிடப் பிரகாசமாகக் காட்ட முடியாது. கணக்கு எளிது. 50 மி.மீ. லென்ஸ், 7 மி.மீ. கண்மணியைப்போல் ஐம்பது மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது. ஏழு மடங்கு பெரிதாக்கும்போது உருவம் நீளத்திலும் ஏழு, அகலத்திலும் ஏழு, ஆக நாற்பத்தொன்பது மடங்கு பரப்பில் விரிகிறது. அதிகமாக மாவு எடுத்து, அதே கணக்கில் பெரிய கல்லில் ஊற்றிய தோசை மாதிரி, கனம் கூடுவதில்லை. கண்ணாடியில் விழும் கொஞ்ச நஞ்ச இழப்பையும் சேர்த்தால், இருட்டில் தெரியும் அலையும் வானமும் வெறுங்கண்ணில் தெரிவதைவிட ஒரு பிடி மங்கலாகத்தான் இருக்கும்.

பிறகு எப்படி அதிகம் தெரிகிறது? இரண்டு வழிகளில். மங்கலான ஒரு பொருள் விழித்திரையில் பெரிதாக விழும்போது, பக்கத்துப் பக்கத்து ஒளியணுக்களின் சமிக்ஞைகளை விழித்திரையும் மூளையும் கூட்டிப் பார்க்கின்றன. மங்கல் அப்படியே இருந்தாலும் உருவம் பிடிபடுகிறது. இரண்டாவதுதான் கப்பலுக்கு முக்கியம். தொலைவிலுள்ள விளக்கு ஒரு புள்ளி. புள்ளியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புள்ளிதான்; விரிவதற்குப் பரப்பே இல்லை. ஆகவே அள்ளிய ஐம்பது மடங்கு வெளிச்சமும் சிதறாமல் ஒரே புள்ளியில் விழுகிறது. பின்னால் இருக்கும் கடல் அதே கருமை, முன்னால் இருக்கும் டார்ச் ஐம்பது மடங்கு தூக்கல்.

வட சென்னையில் இந்த வித்தை ஒரு திசையில்தான் பலிக்கும். கப்பலிலிருந்து கிழக்கே ஆழ்கடலைப் பார்த்தால் சரி. மேற்கே திரும்பினால் துறைமுகத்தின் வெள்ளொளி விளக்குகள், அனல்மின் நிலையங்கள், மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர். படகு விளக்கு ஐம்பது மடங்கு கூடினால் கரை விளக்குகளும் ஐம்பது மடங்கு கூடும். அப்போது எந்தப் புள்ளி மற்ற விளக்குகளோடு சேராமல் நகர்கிறது என்று பார்த்துத்தான் படகைக் கண்டுபிடிக்க வேண்டும். நகராமல் நம்மை நோக்கி நேரே வருகிற படகுதான் ஆபத்து. அது கரை விளக்குகளில் இன்னொன்றாகத் தெரியும்.

கருவி மட்டும் போதாது, கண்ணும் பழக வேண்டும். இருட்டில் வேலை செய்பவை விழித்திரையின் குச்சி அணுக்கள். வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு அவை முழுதாகத் தயாராக இருபது முப்பது நிமிடம் ஆகும். வைட்டமின் ஏ குறைந்தால் இவைதான் முதலில் சோர்கின்றன. மாலைக்கண் வருவது அதனால். குச்சி அணுக்கள் சிவப்பொளியை அதிகம் உணர்வதில்லை என்பதால் பிரிட்ஜில் இரவில் மங்கலான சிவப்பு விளக்கு எரியும். அதே காரணத்தால் கருக்கலில் சிவப்புக் கொடி கறுப்பாகிவிடும்; நீலமும் பச்சையும் ஒப்பீட்டில் வெளிறி நிற்கும். அரை மணி நேரம் இருட்டில் பழக்கிய கண்ணை, செல்போனில் ஒரு குறுஞ்செய்தி பார்த்துப் பாழாக்கிவிடலாம்.

துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்புக்கும் இதே விதிகள்தான். ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் அந்தி மங்கும் நேரத்தில் மரமேடையில் காத்திருப்பார்கள். அவர்களுடைய பழைய விருப்பம் 8×56. வகுத்தால் மறுபடியும் 7 மி.மீ. உலகெங்கும் அதிகம் விற்கும் 3-9×40 வகை ஸ்கோப்பை 9இல் வைத்தால் ஒளிவட்டம் நாலரை மி.மீ.கூட இல்லை, 6க்கு இறக்கினால் ஆறரையைத் தாண்டும். வெளிச்சம் குறையக் குறையப் பெரிதாக்கத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் பழக்கத்தில் கற்றது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஸ்கோப் என்பது ராணுவம், காவல்துறை, துப்பாக்கி சுடும் கழகங்களின் சமாச்சாரம். தவிர, நம் அந்தியும் அவசரக்காரி. சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதால் மறைந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். ஜெர்மனியின் கோடையில் அதுபோல இரு மடங்கு நேரம் மங்கல் நீடிக்கும்.

அந்த வேட்டைக்காரர்களிடையே இன்னொரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது: பெரிதாக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதை 'அந்தி எண்' என்பார்கள். 7×50க்கு 18.7, 8×56க்கு 21.2. மங்கலில் நுணுக்கம் தெரியப் பெரிதாக்கமும் ஓரளவு வேண்டும் என்பதைச் சொல்லும் சூத்திரம் அது, தப்பில்லை. ஆனால் அதே சூத்திரத்தில் 30×60ஐப் போட்டால் 42 வருகிறது. கப்பல் கண்ணாடியைவிட இரு மடங்கு உசத்தி! கையில் பிடித்தால் நடுக்கமும் முப்பது மடங்கு என்பதோ, ஒளிவட்டம் 2 மி.மீ. என்பதோ, உள்ளே இருக்கும் கண்ணாடி எப்படிப்பட்டது என்பதோ அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. விளம்பரங்களில் இந்த எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஆடும் படகில் ஏழு மடங்குக்கு மேல் கையால் நிலைநிறுத்துவது கடினம். ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் ஆட்டத்தில் கண் சற்று விலகினாலும் காட்சி அறுந்துபோகாது. 7×50க்கு இது இரண்டாவது காரணம்.

உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வெளியே வந்து, தேடொளி விளக்கைப் போட்டு, துறைமுகத்திலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அந்தக் காலத்தில் எந்தத் தரப்பின் பைனாகுலரிலும் லென்ஸ் பூச்சு கிடையாது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றில் நான்கைந்து பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். லென்ஸ்கள், பட்டகங்கள் என்று ஒளி கடக்கும் பரப்புகள் பத்து என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணை எட்டாமலே போகும். திருப்பி அனுப்பப்பட்டதும் சும்மா இருக்காமல் குழாய்க்குள் அலைந்து காட்சியை வெளிறடிக்கும். ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் ஒளி எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு நூற்றில் அரைப் பங்குக்கும் கீழே. அதே பத்துப் பரப்பைக் கடந்தும் தொண்ணூற்றைந்து பங்கு வெளிச்சம் வந்து சேரும்.

பச்சையாகத் தெரியும் 'நைட் விஷன்' வேறு சாதி. அது வெளிச்சத்தை எலெக்ட்ரான்களாக மாற்றி, பல்லாயிரம் மடங்கு பெருக்கி, மறுபடி ஒளியாக்கிக் காட்டும். நமக்கு வடக்கே, இதே சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை நம் படைகளுக்கு அவற்றைச் செய்கிறது. அந்த ஆலையின் வேர் 1926இல் தொடங்கிய ஆந்திரா சயின்டிஃபிக் கம்பெனி. பேட்டரி இல்லாமல் வேலை செய்யாது என்பதாலும் விலையாலும் நைட் விஷன் பைனாகுலரின் இடத்தைப் பிடிக்கவில்லை.

சென்னைக் காற்றில் இந்தக் கருவிகளுக்கு நோய் வரும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்த்துவிடும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த வகை என்றால் வெளியே துடைத்தால் போதும், இல்லாவிட்டால் உள்ளேயும் பனி படியும். அதைவிடக் கொடியது பூஞ்சை. தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்த பைனாகுலரை ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தால் லென்சில் சிலந்தி வலைபோல வெள்ளை இழைகள் ஓடியிருக்கும். பூச்சையே அது அரித்துவிடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம்.

வாங்கும்போது கடையிலேயே நாலு சோதனை செய்யலாம். ஸ்கேல் வைத்து முன்லென்சை அளந்து பாருங்கள். 60 என்று எழுதி 25 மி.மீ. இருக்கிற கதை சாதாரணம். நீட்டிப் பிடித்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் பட்டகம் நல்ல கண்ணாடி, ஓரங்கள் சாம்பலாக வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் மட்டமானது. குழல்விளக்கின் பிரதிபலிப்பு லென்சில் பச்சை, ஊதா என்று மங்கித் தெரிந்தால் பல அடுக்குப் பூச்சு; வெள்ளையாகப் பளிச்சிட்டால் பூச்சே இல்லாத பரப்பு. முன்லென்ஸ் மாணிக்கச் சிவப்பில் மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காட்சிக்கு வர வேண்டிய சிவப்பொளியை அது வெளியே தள்ளுகிறது.

வயதையும் கணக்கில் சேருங்கள். அறுபதை எட்டும்போது இருட்டில் கண்மணி பலருக்கு 5 மி.மீ.தான் விரியும். அவர் கையில் 7×50 இருந்தாலும் அது 7×35 அளவுக்குத்தான் வேலை செய்யும். மீதி வெளிச்சம் கருவிழியில் விழுந்து வீண். எண்ணூர்க் கழிமுகத்தில் விடியலில் பறவை பார்க்கப் போகிறவருக்கும், ஐம்பதைத் தாண்டியவருக்கும் 8×42 போதும், எடையும் குறைவு. இளைஞர்கள் கடலுக்குப் போகும் படகில் வைப்பதற்கு 7×50. முப்பது என்று எழுதியதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எதை வாங்கினாலும் துறைமுக மதிலோரம் நின்று பார்க்காதீர்கள். அங்கே காவலில் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப்.காரருக்கு நீங்கள் பார்த்தது கடற்பறவை என்று புரியவைக்க நேரம் பிடிக்கும்.