உயரம் கடைசியில் வரட்டும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுப்பாதை ஓட்டத்துக்காகத் தேடி வாங்கப்படும் பழைய பிக்கப் ட்ரக்குகளில் டொயோட்டாவுக்குத் தனி இடம் உண்டு. மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடிய அதே வண்டி, அங்கே பெயர் எதுவும் இல்லாமல் டொயோட்டா பிக்கப் என்றே விற்றது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் மாடல் 1979இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1985 வரை வந்த வண்டிகளில் முன்பக்கம் ஒரே துண்டான இரும்பு அச்சும், அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளும் இருந்தன. 1986இல் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்கு டொயோட்டா மாறியது. சாலையில் அது சொகுசு; பாறையில் ஏறுபவர்களுக்கோ பழைய இரும்பு அச்சின் உறுதியும் எளிமையும்தான் பிடித்திருக்கிறது. ஆகவே இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்ட இந்த வண்டிகளை வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்கியதும் பலர் முதலில் செலவழிப்பது வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்கு. நீளமான ஸ்பிரிங், பெரிய டயர், வளைந்த பம்பர் என்று வண்டி கம்பீரமாக நிமிர்ந்துவிடும். இந்த வரிசை தவறு. பழைய வண்டியைக் காட்டுக்குத் தயார்செய்வதில் பெரும்பகுதி பழுதுபார்க்கும் வேலை. மாற்றங்கள் அதற்குப் பிறகு, அதுவும் ஒன்றுக்கொன்று கணக்கோடு வரவேண்டியவை. பழுதைத் தீர்க்காமல் செய்யும் ஒவ்வொரு மாற்றமும், ஏற்கெனவே தேய்ந்துபோன ஏதோ ஒரு பாகத்தின் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுகிறது.

உயரத்திலிருந்தே தொடங்கலாம். பாறையில் முதலில் இடிபடுவது அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நான்கு அங்குலம் தூக்கினால் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியல் அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. அச்சையே மாற்றாமல் அதைக் கூட்ட ஒரே வழி பெரிய டயர். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயரைப் போட்டால் விட்டத்தில் கூடியதில் பாதி, அதாவது இரண்டரை அங்குலம் கிடைக்கும். ஸ்பிரிங்கை உயர்த்துவதால் பயன் இல்லாமல் போகவில்லை. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கிறது. மேடு ஏறும்போதும் இறங்கும்போதும் மூக்கும் வாலும் தரையில் முட்டுவது குறைகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. எடைமையம் மேலே போவதால் சரிவில் கவிழும் அபாயம் கூடுகிறது. விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் சாய்வு அதிகமாகி, அதன் கிராஸ்கள் அதிர்ந்து சீக்கிரம் தேய்கின்றன. பல மாடல்களில் பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. பின் அச்சோடு ஒரு கம்பியால் அது இணைந்திருக்கும். வண்டியின் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையை அறியும். ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியின் நிலையைத் திருத்தாமல் விட்டால், பின்னால் உள்ள சுமைத்தொட்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொண்டு பின்பிரேக்கின் வலுவைக் குறைத்துவிடும். உயரம் கூடிய வண்டியில் பிரேக் குறைந்ததற்கு இப்படி ஒரு சிறு கம்பி காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் பெரிய டயரையாவது முதலில் போடலாமே என்று கேட்கலாம். டிஃபரன்ஷியலை உயர்த்துவது அது ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் டயர் தனியாக வருவதில்லை. 28இலிருந்து 33 அங்குலத்துக்குப் போகும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் தூரம் உருள்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 118 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் வலு சுமார் 15 சதவீதம் குறைகிறது. எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறைகிறது. இந்த வண்டிகளில் 1981 முதல் வந்த 22ஆர் எஞ்சின் 2.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நீடித்து உழைக்கும், ஆனால் குதிரைத்திறன் நூறை ஒட்டித்தான். அதன்மேல் இந்த இழப்பை ஏற்றினால் மேட்டில் திணறும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் டயரோடு சேர்த்து டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியனையும் மாற்றுகிறார்கள். 4.10 விகிதத்தை 4.88 ஆக்கினால் 33 அங்குல டயர் தின்ற இழுவை ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும். டயருக்கான செலவு என்று தொடங்கியது, கியர், பிரேக், ஸ்டீயரிங் என்று நீள்வது இப்படித்தான்.

இவ்வளவு சுமையையும் தாங்கவேண்டிய பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன? இரும்பு அச்சு வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், அச்சின் நுனியில் பளபளப்பான பெரிய இரும்புக் குண்டு ஒன்று தெரியும். சக்கரம் திரும்பும்போது அந்தக் குண்டின் மேல்தான் அதன் உறை சுழல்கிறது. உள்ளே, சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் விசையைக் கடத்தும் பிர்ஃபீல்டு என்ற இணைப்பு, கெட்டியான கிரீஸில் மூழ்கியிருக்கும். குண்டின் மேல் கிரீஸ் மெல்லியதாகப் படர்ந்திருந்தால் கவலையில்லை. கியர் ஆயில் வழிந்து டயரின் உட்பக்கம் வரை நனைந்திருந்தால், அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். டிஃபரன்ஷியலின் ஆயில் குண்டுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. இணைப்பு வறண்டு தேய்கிறது. டிஃபரன்ஷியலில் ஆயில் குறைகிறது. சீலை மட்டும் மாற்றினால் போதாது. உறை சுழல்வதற்கு மேலும் கீழும் உள்ள பேரிங்குகள் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நடுவிலிருந்து விலகி, புதுச் சீலையும் சில மாதங்களில் கிழித்துவிடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இந்த ஆட்டம் கையிலேயே தெரியும். இதே ஆட்டம்தான் சாலையில் ஸ்டீயரிங் நடுக்கமாக வெளிப்படும். இப்படித் தேய்ந்த இணைப்பில் பெரிய டயரைப் பூட்டி, சக்கரத்தை முழுக்கத் திருப்பிய நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால், அது உடைவது கிட்டத்தட்ட உறுதி. உடைந்த பிறகு பிர்ஃபீல்டின் மேல் பழி விழுகிறது. உண்மைக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன்பே மாற்றியிருக்கவேண்டிய ஒரு ரப்பர் வளையம்.

எஞ்சினிலும் சேசிஸிலும் கதை இதேதான். 1980களில் வந்த 22ஆர் வகை எஞ்சின்கள் பலவற்றில் டைமிங் செயினை வழிநடத்தும் பட்டைகள் பிளாஸ்டிக்கில் வந்தன. காலப்போக்கில் அவை உடைந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளுக்கு முன்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் தளர்ந்த செயின் முன்மூடியின் உட்சுவரை அராவிக்கொண்டே போய், ஒருநாள் அதன் பின்னால் ஓடும் கூலண்ட் வழியைத் துளைத்துவிடும். கூலண்ட் ஆயிலோடு கலந்தால் எஞ்சின் பேரிங்குகள் தப்பாது. குளிர்கால பனிச்சாலைகளில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளுக்கு துரு இன்னொரு எமன். சேசிஸ் வெளியே கறுப்புப் பெயின்ட்டோடு நன்றாகத் தெரியும்; உட்புறத்திலிருந்து அரித்திருக்கும். சிறிய சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று மழுங்கி ஒலிக்கும். அந்த இடத்தில் பாறைக்காக ஒரு புது பம்பரையோ வின்ச்சையோ பற்றவைத்துப் பூட்டினால், இழுக்கும்போது பம்பரோடு சேசிஸின் ஒரு துண்டும் பெயர்ந்து வரலாம்.

பழுதெல்லாம் தீர்ந்தபின் வரும் மாற்றங்களிலும் முதல் இடம் செலவே இல்லாத ஒன்றுக்கு உரியது: டயரின் காற்றைக் குறைப்பது. சாலையில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைக்கும் காற்றை, கரடான பாதையில் 15, 18 என்று இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிகிறது; கல்லின் வடிவத்துக்கு வளைந்து பற்றுகிறது; குலுங்கலும் குறைகிறது. திரும்பும்போது மறக்காமல் காற்றை நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரஸர் வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, நிதானத்தைத் தரும் கியர். பாறையில் வேகம் எதிரி. 3.95 விகித முதல் கியர், விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் 2.28 என்ற தாழ்கியர், 4.10 டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 வரும்: சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 37 சுற்று. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.7 விகிதப் பல்சக்கரத் தொகுப்பைப் போட்டால் அது 76 ஆகிவிடும். 33 அங்குல டயரோடு எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மணிக்கு மூன்றரை கிலோமீட்டராக இருந்த நடை, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கும். ஓட்டுநர் கிளட்ச்சைத் தேய்க்காமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துச் சக்கரத்தை வைக்கமுடியும். வேகமாக வந்து மோதி ஏறும் வண்டியில் உடையும் ஷாஃப்டுகள், ஊர்ந்து ஏறும் வண்டியில் பிழைத்துக்கொள்கின்றன. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது விசையெல்லாம் அதிலேயே வீணாவதைத் தடுக்கும் லாக்கர் இதற்குப் பிறகு வரலாம். அது ஒரு ஷாஃப்டின் மேல் முழுச் சுமையையும் இறக்கக்கூடியது என்பதால், முன் அச்சைச் செப்பனிடாதவர் அதைத் தொடாதிருப்பது நல்லது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் புது வண்டி வாங்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. இன்றைய வண்டிகள் வழுக்கும் சக்கரத்தை மின்னணுக் கருவிகளாலேயே பிடித்து நிறுத்துகின்றன; ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் உண்டு. விபத்தில் ஆளைக் காப்பதில் பழைய பிக்கப் அவற்றுக்கு ஈடாகாது. தினமும் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போக அதைப் பரிந்துரைப்பது தவறு. காட்டுப்பாதையில் அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. 2003இல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி 1988 மாடல் டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கடலலையில் மூழ்கடித்தது, இடித்துத் தகர்க்கப்படவிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தியது. அது மறுபடி மறுபடி ஓடியதை இரும்பின் வலிமைக்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெக்கானிக் சாதாரணக் கருவிகளோடு உட்கார்ந்து அதை உயிர்ப்பித்தார் என்பதைப் பேசுவோர் குறைவு. ஸ்பானரும் சுத்தியலும் வைத்து வழியிலேயே சரிசெய்யமுடிகிற எளிமை அந்த வண்டியின் உண்மையான சொத்து. பழுதுபார்க்கத் தெரியாதவர் கையில் அந்தச் சொத்து செல்லாக்காசு.

இன்னொரு எதிர்ப்பு காட்டின் பக்கத்திலிருந்து வருகிறது, இதுதான் கனமானது. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரியை நோக்கி சியரா நெவாடா மலைகளில் ஏறும் ரூபிகான் பாதை, இந்த ஓட்டத்தின் புகழ்பெற்ற களம். 2009இல் அந்த மாநிலத்தின் நீர்த்தர வாரியம், பாதையிலிருந்து நீரோடைகளில் சேரும் மண் அரிப்பு, எண்ணெய், மனிதக் கழிவு ஆகியவற்றைச் சீர்செய்யும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. ஓட்டுவதையே நிறுத்தச் சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒழுகும் சீலும், பாறையில் கிழியும் ஆயில் தொட்டியும் விதி செய்த வேலை அல்ல. செய்யாமல் விட்ட பராமரிப்பு. ஒழுகாத வண்டி, அடிப்பாகத்துக்குப் பாதுகாப்புத் தகடு, சிந்தினால் உறிஞ்சியெடுக்கப் பஞ்சுத் தாள், சக்கரத்தைச் சுழலவிட்டு மண்ணைக் கிளறாத நிதானமான கியர் ஆகியவை இருந்தால்தான் அந்தப் பாதையில் இறங்கும் உரிமையைப் பற்றிப் பேசவே முடியும். புகைக்கும் இதே விதி: கலிஃபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச்சோதனையில் தேறியாகவேண்டும். 1979 வண்டிக்கும் விலக்கு இல்லை. இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையொட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் பழைய ஜீப்பை வைத்திருப்பவர் அமெரிக்க வண்டிகளின் படத்தைப் பார்த்து வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் கொள்ளவேண்டும். பழுதுபார்க்க எந்தச் சட்டமும் தடைசொல்லவில்லை.

எல்லாப் பணமும் சீலிலும் பேரிங்கிலும் போய்விட்டால் மகிழ்ச்சிக்கு என்ன மிச்சம் என்று சிலர் கேட்பார்கள். முன் அச்சைப் பிரித்து, கழுவி, புதுப் பேரிங்கும் புதுக் கிரீஸும் வைத்துப் பூட்டியவருக்கு அந்த வண்டியின் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். நடுக்காட்டில் ஏதாவது உடைந்தால் அவர் பதறமாட்டார். கழற்றத் தெரிந்தவர் அவர். ஆகவே வாங்கும்போதே பணத்தை இரண்டாகப் பிரிப்பது அறிவு. முதல் பாதி சேசிஸ், பிரேக், ஸ்டீயரிங், சீல், டைமிங் செயின் ஆகியவற்றுக்கு. அடுத்து, இருக்கிற டயரிலேயே காற்றைக் குறைத்து எளிய பாதைகளில் ஓட்டிப் பார்க்கவேண்டும். எங்கே தட்டுகிறது, எங்கே இழுவை போதவில்லை என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். மீதிப் பணம் அந்தக் குறைகளுக்குப் போகட்டும்: முதலில் கியர், பிறகு அளவான டயர், அந்த டயருக்குத் தேவையான அளவு மட்டும் உயரம். இப்படித் தயாரான வண்டி படத்தில் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் காட்டுக்குள் போனது, கயிற்றில் இழுபடாமல் மாலையில் தன் சொந்தச் சக்கரத்தில் வெளியே வந்துவிடும். காட்டுக்கு ஏற்ற வண்டி என்று அதைத்தான் சொல்லவேண்டும்.