புகையிலை: அறுக்கும் நாளும் இலையின் தரமும்

புகையிலைச் செடியில் விலைபோவது இலை மட்டுமே. செடியிலிருந்து பிரிக்கும்போது அந்த இலையின் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் நீர்தான். நீர் வற்றிய பிறகு மிஞ்சுவது எவ்வளவு, அதன் நிறம், மணம், காரம் எப்படி என்பதை மண்ணும் உரமும் ஓரளவுதான் தீர்மானிக்கின்றன. எந்த இலையை எந்த நாளில் எப்படி எடுத்தார்கள் என்பதற்கும் அவற்றுக்கு இணையான பங்கு உண்டு. நான்கு மாதம் நன்றாக வளர்ந்த பயிரின் விலை கடைசி வாரத்து அவசரத்தில் பாதியாகக் குறைந்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பயிர் வேதாரண்யத்து மணற்பாங்கிலும் திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களிலும் வேரூன்றியது. பெரும்பகுதி மெல்லும் புகையிலை. திண்டுக்கல்லுக்குச் சுருட்டால் வந்த பெயரும் உண்டு. 1947-ல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் கிளை அடுத்த ஆண்டே வேடசந்தூரில் அமைந்தது. பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி போன்ற மெல்லும் புகையிலை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. வடசென்னையில் புகையிலை விளைவதில்லை. ஆனால் இத்தொழிலின் மறுமுனை அங்கே இருக்கிறது: சிகரெட்டுக்குப் பெட்டி தேவைப்பட்டதால் 1925-ல் ஐடிசி சிகரெட் நிறுவனம் தொடங்கிய அச்சு, பொதியாக்கப் பிரிவின் ஆலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் உள்ளது. சிகரெட்டுக்கான ஆந்திரத்து வர்ஜினியா இலை கப்பலேறும் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. அப்பெட்டிக்குள் போகும் இலையும் வேதாரண்யத்துச் சிப்பத்தில் கட்டப்படும் இலையும் ஒரே தாவர இனம்தான். வேறுபாட்டைத் தொடங்கி வைப்பவற்றுள் அறுவடை முறை முக்கியமானது.

அறுவடைக்கான ஆயத்தம் பூ மொட்டு தலைகாட்டும்போதே தொடங்குகிறது. பூக்கவிட்டால் செடி தன் உணவையெல்லாம் விதைக்குத் திருப்பிவிடும். அதனால் மெல்லும் புகையிலையில் 10, 12 இலைகளை மட்டும் விட்டுவிட்டு நுனியைக் கிள்ளி விடுகிறார்கள். கிள்ளியதும் இலைகள் அகன்று தடிக்கின்றன. நிகோடின் உருவாவது வேரில். அங்கிருந்து நீரோடு ஏறி அது இலையில் சேர்கிறது. நுனி போனதும் வேரின் வளர்ச்சி தூண்டப்படுவதால் நிகோடின் அளவும் கூடுகிறது. மெல்லும் புகையிலைக்குத் தேவையான காரம் இப்படித்தான் கிடைக்கிறது. காரம் மிதமாக இருக்க வேண்டிய சிகரெட் இலைக்கு அவ்வளவு கீழே இறக்கிக் கிள்ளுவதில்லை.

நுனியை இழந்த செடி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் பக்கக் கிளை வெடிக்கும். அவற்றை ஒடிக்காமல் விட்டால் கிள்ளியதன் பலன் முழுவதும் வீண். வாரம் ஒருமுறையாவது ஒடிக்க வேண்டிய இந்த வேலைக்கு ஆட்கூலி அதிகம். ஆள் கிடைக்காத பருவத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. எடை குறைந்துபோன பிறகு ரகத்தின் மேல் பழி போடப்படுகிறது.

அடுத்து, முதிர்ச்சியை அறியும் கண். மெல்லும் புகையிலை நட்ட 110 முதல் 120 நாளில் பொதுவாக அறுவடைக்கு வரும். ஆனால் நாளை மட்டும் எண்ணி அறுப்பவர் ஏமாறுவார். முதிர்ந்த இலை விறைத்துச் சொரசொரக்கும், பசுமை வெளிறி, பரப்பில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், தொட்டால் பிசுபிசுக்கும், மடித்தால் படக்கென்று முறியும். முதிராத இலையில் மாவுச்சத்து போதிய அளவு சேர்ந்திருக்காது, பச்சையமும் குறைந்திருக்காது. அது காய்ந்த பிறகும் பச்சை வாடையும் கசப்பும் போகாது. தேவைக்கு மேல் முதிரவிட்டாலும் இழப்புதான். சேர்த்த சத்தை இலையே செலவழித்துவிடும், எடை குறையும், தொட்ட இடத்தில் நொறுங்கும். தழைச்சத்து உரத்தைப் பிந்திப் போட்டாலும், அறுவடை நெருங்கிய பிறகும் நீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தாலும், இலை பசுமையைவிட்டு இறங்காது. மழை பெய்த மறுநாள் அறுப்பதும் தவறு. இலைமேல் படிந்திருந்த பிசின் கழுவிப்போயிருக்கும்; அது மீண்டும் ஊறச் சில நாள் காத்திருக்க வேண்டும்.

இலையை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. வர்ஜினியா சிகரெட் புகையிலையில் இலைகளை அடியிலிருந்து மேல்நோக்கி, முதிர முதிர, ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாகக் கையால் ஒடித்தெடுப்பார்கள். ஒரே செடிக்குப் பல வாரம் திரும்பத் திரும்ப வர வேண்டும். அடி இலைகள் மெல்லியவை, மண் படிந்தவை. நடு இலைகளே நிறத்திலும் மணத்திலும் சிறந்தவை. மேல் இலைகள் தடித்தவை, நிகோடின் மிகுந்தவை. பறிக்கும்போதே இவை தனித்தனியாகப் பிரிந்துவிடுவதால் தரம் பிரிக்கும் வேலையில் பாதி வயலிலேயே முடிந்துவிடுகிறது. பழுத்ததையும் பழுக்காததையும் ஒரே உலர்த்தும் கொட்டகையில் ஏற்றினால் ஒன்று கருகும், மற்றது பச்சையாகவே நிற்கும்.

மெல்லும் புகையிலையில் செடியை அடித்தண்டோடு அரிவாளால் ஒரே நாளில் அறுத்துவிடுகிறார்கள். ஆளும் நாளும் மிச்சம். ஆனால் அடி இலைக்கும் நுனி இலைக்கும் முதிர்ச்சி ஒன்றாக இருக்காதே என்ற கேள்வி எழும். 10, 12 இலையோடு கிள்ளிவிடுவது இங்குதான் கைகொடுக்கிறது. இலை குறைவாக இருப்பதால் அவை ஏறக்குறைய ஒன்றாகவே முதிர்கின்றன. இருந்தாலும் தண்டோடு காயும்போது இலையின் சத்தில் ஒரு பங்கு தண்டுக்குள் இறங்கிவிடும். தனித்தனியாகப் பறித்துக் காயவைத்த இலையைவிட எடை சற்றுக் குறைவதற்கு அதுவே காரணம். மெல்லும் புகையிலைக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியதே. நுண்ணிய நிறத்துக்கு விலை வைக்கும் வர்ஜினியாவுக்கு அது ஒத்துவராது.

வெட்டியதோடு இலை இறந்துவிடுவதில்லை. பலரும் கவனிக்காத இந்த உண்மைதான் அறுவடைக்குப் பிந்தைய வேலை அனைத்துக்கும் அடிப்படை. நீரும் உணவும் நின்றுபோன இலை தன் சேமிப்பைத் தின்றபடி பட்டினியில் சில நாள் உயிர்வாழ்கிறது. பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிவதும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதும் அந்த நாட்களில்தான். இரண்டையும் செய்பவை உயிருள்ள இலையின் நொதிகள். வெட்டிய செடியை உச்சிவெயிலில் கிடத்தினால் இலை வெந்து உடனே இறந்துவிடும், பச்சை உள்ளேயே சிறைப்படும். பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த நிறம் மாறாது. அதனால் பொழுது சாயும் வேளையில் அறுத்து, இரவு முழுவதும் வயலிலேயே வாடவிடுவது நல்ல முறை. வாடிய இலை துவள்வதால் தூக்கும்போது கிழியாது. நசுங்கிய, கிழிந்த இடங்களில் செல்கள் உடைந்து பழுப்புக் கறை விழும். கட்டிச் சுமக்கும் விதம் தரத்தைப் பாதிப்பது அதனால்தான்.

வர்ஜினியா இலையைக் கொட்டகையில் முதலில் 32 முதல் 38 டிகிரி செல்சியஸில் ஈரக்காற்றோடு வைத்து மஞ்சளாக்குகிறார்கள். பிறகு படிப்படியாக வெப்பத்தை 70 டிகிரி அளவுக்கு ஏற்றி நடுநரம்புவரை உலர்த்துகிறார்கள். ஐந்தாறு நாளில் வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டு மெல்லும் புகையிலை அவ்வளவு அவசரப்படுவதில்லை. வாடிய செடிகளைக் கழிகளில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். அதன்பின் அடுக்கிக் குவித்து, உள்சூடு ஏறும்போது பிரித்து, மாற்றி அடுக்கி, வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். கரும்பழுப்பு நிறமும் முறுகிய மணமும் இந்தக் குவியலில் பிறப்பவை. யாழ்ப்பாண முறையில் தென்னை மட்டை, பனை மட்டைப் புகையில் இலையைப் பதப்படுத்துகிறார்கள். அப்படிப் பதப்படுத்திய இலைக்குத் திருவிதாங்கூரில் நெடுங்காலம் பெரிய சந்தை இருந்தது. எந்த முறையானாலும், முதிராமல் வந்த இலையைக் குவியலோ புகையோ திருத்த முடியாது.

விளைச்சலும் தரமும் எப்போதும் கைகோத்து வருவதில்லை என்பதையும் விவசாயி கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. தழைச்சத்தைக் கொட்டினால் எடை கூடும், பக்குவம் தள்ளிப்போகும். வேதாரண்யத்து உவர்நீர் இலையில் குளோரைடைச் சேர்க்கிறது. அந்த இலை சிகரெட்டில் ஒழுங்காக எரியாது, மெல்லுவதற்கு அது குறையே அல்ல.

இலையை எடுக்கும் கைகளைப் பற்றிப் பேசாமல் இந்த விவரங்கள் முழுமையாகா. நிகோடின் நீரில் கரையும். பனியோ மழையோ வியர்வையோ நனைத்த இலையைத் தழுவி வேலை செய்பவரின் தோல் வழியே அது உடலுக்குள் இறங்குகிறது. தலைசுற்றல், வாந்தி, தலைவலி, தளர்ச்சி எனப் பச்சைப் புகையிலை நோய் வெளிப்படும். வெயிலின் களைப்பு என்று நினைத்துப் பலரும் மறுநாளும் வயலுக்கு வந்துவிடுகிறார்கள். புகைக்கும், மெல்லும் பழக்கமே இல்லாத பெண்களுக்கும் இது வருகிறது. உடல் சிறியது என்பதால் சிறுவர்களுக்கு ஆபத்து அதிகம். பனி உலர்ந்த பிறகு இலையைத் தொடுவது, முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவது, நனைந்த துணியை உடனே மாற்றுவது, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவது ஆகியவை இதைப் பெருமளவு தடுக்கும். கூலியோடு கையுறையையும் கொடுப்பது நிலத்துக்காரரின் கடமை. சிறுவர்களைப் புகையிலை அறுவடைக்கு அனுப்பவே கூடாது.