முள்ளங்கி விதையும் படர்தாமரையும்



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு சகோதரி தம் பத்து வயது மகனுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். சிறுவனின் இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை பரவியிருந்தது. அதன்மேல் பல இடங்களில் தோல் வெந்து புண்ணாகவும் ஆகியிருந்தது. "முள்ளங்கி விதையை அரைச்சுப் பூசினேன் அண்ணே. அதில் பூஞ்சையை அழிக்கிற புரதம் இருக்குன்னு விஞ்ஞானிகளே சொல்லியிருக்காங்கன்னு செல்போன்ல வந்துச்சு" என்றார்.

அவருக்கு வந்த செய்தி முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. அதனால்தான் இதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதி

மண்ணில் விழும் விதையைச் சுற்றி எப்போதும் பூஞ்சைகள் இருக்கின்றன. செடியால் இடம்விட்டு ஓட முடியாது. நம் இரத்தத்தில் இருப்பதுபோல் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் அதற்கு இல்லை. ஆகவே அது சில புரதங்களைத் தன் ஆயுதமாக வைத்திருக்கிறது. முள்ளங்கி விதை முளைக்கும்போது அதன் தோல் பிளந்ததும், 'டிஃபென்சின்' என்னும் சிறு புரதங்கள் கசிந்து இளம் முளையைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 1990-களில் இதைக் கண்டறிந்தார்கள்.

இந்தப் புரதம் பூஞ்சையின் செல் சவ்விலுள்ள ஒரு வகைக் கொழுப்பைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. நம் உடல் செல்களிலும் அந்தக் கொழுப்பு உண்டு. ஆனால் அதன் அமைப்பு சற்று வேறு என்பதால் புரதம் அதைப் பற்றுவதில்லை.

இன்னொரு ஆயுதம் 'கைட்டினேஸ்'. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. இறால், நண்டு ஓடுகளில் இருப்பதும் இதுவே. செடியிலும் மனிதரிலும் கைட்டின் கிடையாது. ஆகவே அதை அறுக்கும் கைட்டினேஸ், செடிக்குத் தீங்கில்லாமல் பூஞ்சையின் சுவரை மட்டும் உடைக்கிறது.

ஆய்வாளர்கள் இவற்றில் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் உண்டு. பூஞ்சையின் செல், பாக்டீரியாவைவிட மனித செல்லுக்கு நெருக்கமானது. பூஞ்சையை அழித்து நம்மை விட்டுவைக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது கடினம். இன்று கையில் இருப்பவை சில வகைகளே. அவற்றுக்கும் மசியாத பூஞ்சைகள் பெருகிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முன்னுரிமை தந்து கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. நம் நாட்டில் பரவியுள்ள ஒரு படர்தாமரைப் பூஞ்சை, வழக்கமாகத் தரப்படும் டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. 2020-இல் அதற்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள்.

சொல்லாமல் விட்ட பாதி

ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது, விதையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய புரதம். நாம் அம்மியில் அரைப்பது முழு விதை. முள்ளங்கி கடுகு இனத்தைச் சேர்ந்தது. கடுகில் உள்ளது போன்ற காரம் அதன் விதையிலும் உண்டு. அதை அரைத்து அப்பினால் தோல் எரிந்து புண்ணாகும். சிறுவனுக்கு நேர்ந்தது அதுதான்.

மேலும், புரதம் பெரிய மூலக்கூறு; தோலுக்குள் எளிதில் இறங்காது. உப்பு மிகுந்த இடத்தில் பல டிஃபென்சின்களின் வலிமையும் குன்றிவிடுகிறது. சாப்பிட்டாலோ, பெரும்பாலான புரதத்தை வயிறு செரித்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஒரு தாவர டிஃபென்சினை நகப்பூஞ்சைக்கு மருந்தாக்கி மனிதர்களிடமே சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு எதிர்பார்த்தபடி இல்லாததால் அந்த முயற்சி நின்றுபோனது. நாளை இந்த வழியில் நல்ல மருந்து வரலாம். இன்று நம் கையில் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

• படர்தாமரைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலியும்.

• அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை தொடருங்கள்.

• துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.

• குளித்த பிறகும் ஒளுச் செய்த பிறகும் கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள்.

• வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுவனை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பி வைத்தோம். அங்கே விசாரித்தபோது, அவனுடைய தாய்க்கும் அக்காவுக்கும் அதே நோய் பல மாதங்களாக இருப்பது தெரிந்தது. வெட்கப்பட்டு இருவரும் வெளியில் சொல்லவில்லை. இப்போது மூவரும் ஒன்றாக மருந்து எடுத்து வருகிறார்கள்.

மருத்துவரிடம் போகப் பயணச் செலவோ மருந்துச் செலவோ தடையாக இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெண்கள் தங்கள் வீட்டார் மூலம் எழுதி அனுப்பினாலும் போதும். யாருடைய பெயரும் வெளியே வராது.

செயலாளர்